கொலம்பஸ்ல ஏறுன டேங்கு

சித்த நகந்துக்குங்க தம்பி, இந்தச் சாக்கைக் கால்மாட்டுல வெச்சுக்கறேன். பயப்படாதீங்க, பாம்கீம் ஒண்ணுமில்லீங்க. காரோட பெட்ரோல் டேங்கு. உள்ளார ஒரு சொட்டுப் பெட்ரோல் கெடையாது. வேணும்னா மோந்து பாருங்க, புளி வாசம்தான் அடிக்கும். சன்னலோரம் இருக்கற அம்மணி உங்க சம்சாரமுங்களா? கல்யாணமாகிப் புதுசுன்னு மஞ்சக்கயிறே சொல்லுது. நல்லா இருங்க. கோயமுத்தூருக்குத்தானே? நானும் அங்கதான் போறேன், இந்த டேங்குக்கு ஒரு முடிவு கட்டோணும்னு.

கண்டக்டர் இதுக்கு லக்கேஜ் போடாமப் போனதைப் பாத்தீங்களா? எப்படிப் போடுவாரு. கோபி பஸ் ஸ்டாண்டுல எந்த வண்டி எப்ப எடுக்கோணும்னு விசிலடிச்சவனே நானுங்க. பிரைவேட் பஸ்சுக்கு டைம் கீப்பர். பேரு சிவகுருநாதன். ஆனா டைம் கீப்பர்னாத்தான் ஊருக்குத் தெரியும். ரிட்டையராகும்போது மொதலாளி, என்னப்பா வேணும்னு கேட்டாரு. ஒரு சைக்கிள் குடுத்தாப் போதுமுங்கன்னேன். அவரு மஞ்சக் குடோனைத் தொறந்து உட்டு, உள்ள நிக்கறதை ஓட்டிக்கிட்டுப் போன்னுட்டாரு. பாத்தா ஒரு ஹெரால்டு காருங்க. எனக்குக் கால்சட்டை வயசா இருக்கறப்ப வந்த வண்டி. ரெண்டே கதவு. பானெட்டைத் தூக்குனா மூஞ்சியே மொத்தமா முன்னால கவுந்துக்கும். மஞ்ச மூட்டைக்கு நடுவுல வருசக்கணக்கா நின்னு, தான் என்ன நெறம்னு அதுக்கே மறந்து போச்சு. ஓட்டிக்கிட்டுப் போன்னா எங்கீங்க ஓட்டறது? மாடு கட்டித்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்.

என்ற சம்சாரம் தவறி நாளாச்சுங்க. பையன் பெங்களூருல. போன்ல, அப்பா அதை எடைக்குப் போட்டுட்டு அக்கடான்னு இருங்கன்னான். அக்கடான்னு இருக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதே. விடியறதுக்கு முன்னாலயே முழிப்பு வந்துரும், விசிலடிக்க வண்டி இருக்காது. இப்ப என்ற ஊட்டு வாசல்லயே ஒரு வண்டி நிக்குது. எடுத்தே தீரோணுமில்ல. மாரியாத்தா கோயில் திருவிழா வருதில்லீங்க, அந்த நோம்பிக்குள்ள இதை ஓட்டிக் காட்டறேன்னு பஸ் ஸ்டாண்டு பூராவும் சொல்லிப்போட்டேன். வாய் சும்மா இருக்கோணுமில்லீங்க, இருக்கலை.

மெக்கானிக் வந்தாரு. பெட்ரோலைப் பாட்டில்ல ஊத்தி மேல கட்டித் தொங்க உட்டு, டியூப் வழியா கார்புரேட்டருக்கு ஏத்துனாரு, ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தறாப்புல. வண்டி இருமுச்சு, தும்முச்சு, அப்பறம் ஓடிருச்சுங்க. என்ற கண்ணுல தண்ணி வந்துருச்சு. பொகைன்னு சொல்லிக்கிட்டேன். சரி, இனி டேங்குல பெட்ரோல் ஊத்தி ஒரு ரவுண்டு போலாம்னு எடுத்தா, தெருமுக்குத் திரும்பறதுக்குள்ள நின்னு போச்சு. கார்புரேட்டரைத் தொறந்தா உள்ள பூராவும் துரு. டேங்கைக் கழட்டித் தட்டுனா, பக்கோடாத் தூளாட்டம் கொட்டுது. எஞ்சின் சிங்கமாட்டம் இருக்குதுங்க, வயிறுதான் கெட்டுப் போச்சு, வேற டேங்கு பாருங்கன்னுட்டாரு மெக்கானிக்.

வேற டேங்குக்கு எங்க போறது? தாலுக்காவுல இன்னொரு ஹெரால்டு ஒண்ணே ஒண்ணுதான். கச்சேரிமேட்டுல மாவு மில்லு வெச்சிருக்கற அம்மா ஊட்டுல. அவிய அப்பா வாங்குன காரு. பாவம், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்லயே ஊட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரு. பொறந்த ஊட்டுக்கே திரும்பி வந்து, அப்பாவுக்கப்பறம் மில்லைக் கையில எடுத்து நடத்தறவங்க. நம்ம வயசுதான், ரெண்டு மூணு கொறைச்சலா இருக்கும்.

விதியைப் பாருங்க. எனக்கு எஞ்சின் ஓடுது, டேங்கு போச்சு. அவியளுக்கு டேங்கு தங்கமாட்டம் இருக்குது, எஞ்சின் இறுகிப் போச்சு. வருசா வருசம் டேங்கைக் கழட்டி டீசல் ஊத்தி உருட்டி எடுத்து வெச்சாங்களாமா. டீக்கடைக்காரரு, பூக்காரம்மா, எல்லாரும் ஒரே பேச்சு, ரெண்டையும் சேத்தா ஒண்ணாயிருமுங்களேன்னு. நானும் அதைத்தான் போய்க் கேட்டேன், டேங்கைக் குடுங்கன்னு. அந்தம்மா மாவு படிஞ்ச முந்தானையில கையைத் தொடச்சுக்கிட்டு, அப்படிங்களா, அப்ப நீங்க எஞ்சினைக் குடுங்களேன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. ஓடற எஞ்சினைக் கழட்டிக் குடுன்னா ஆரு குடுப்பா?

அதோட உட்டுருவனுங்களா? மறுநா ரெண்டு கிலோ மொளகா எடுத்துக்கிட்டுப் போனேன். மில்லுக்குச் சும்மா போனா நல்லாருக்காதில்ல. மொளகா அரையறதுக்குள்ள டேங்கைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசலாம்னு. அதுக்கு மறுநா மல்லி. அப்பறம் ராகி. அப்பறம் கம்பு. தலையில முடியே இல்ல பாருங்க, தலைக்குத் தேய்க்கற அரப்புக்கூட அரைச்சேன். ஒண்டிக்கட்டைங்க நான், காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு. இப்ப என்ற ஊட்டுல இருக்கற மொளகாப்பொடி ஒரு கல்யாண மண்டபத்துக்கே ஆகும். டேங்குக்காகத்தான் போனேன், வேற ஒண்ணுமில்ல.

போறப்பெல்லாம் ஒரு சொம்பு மோர் குடுப்பாங்க. மொளகா நெடிக்கு நல்லதாமா. எல்லாருக்கும் குடுக்கறாங்களாக்கும்னு நெனச்சேன். ஒரு நா வரிசையில நின்ன ஆளு, எங்களுக்கெல்லாம் மோர் இல்லீங்களான்னு கேட்டான். அவனுக்கு நெடி ஏறாதாம், சின்ன வயசாமா. நாயம்தானே? அப்பறம் ஒரு நா, காருக்குள்ள உக்காந்து பாத்தாத்தான் டேங்கோட அருமை தெரியும்னு கூட்டிக்கிட்டுப் போயி முன் சீட்டுல உக்கார வெச்சாங்க. அவிய ஸ்டீரிங்கைப் புடிச்சுக்கிட்டாங்க. வண்டி ஓடாதுங்களே, செட்டுக்குள்ள நிக்குது. ஆனா ஸ்டீரிங்கைத் திருப்பித் திருப்பி, இது பாரியூரு, இது பங்களாப்புதூருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சத்தியமங்கலம் போறதுக்குள்ள பொழுது போயிருச்சு. டேங்கைப் பத்திப் பேச நேரமே கெடைக்கல. நீ ஏன் அம்மணி சிரிக்கறே? நான் நெம்ப வெசனத்தோட சொல்லிட்டிருக்கேன்.

அந்தம்மாதான் ஒரு ரோசனை சொன்னாங்க. பித்தளைக் கொடம் புளி போட்டாப் பளிச்சுன்னு ஆகுதில்ல, உங்க டேங்குக்கும் அதையே பண்ணிப் பாருங்கன்னு. அவிய தோட்டத்துப் புளி ஒரு கூடை குடுத்தனுப்புனாங்க. கரைச்சு ஊத்தி, ஒரு வாரம் ஊற வெச்சேன். கவுத்துனாக் காப்பித்தண்ணியாட்டம் வந்துச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள வெள்ளி. நெசமாலுமே வெள்ளிங்க. தண்ணி உட்டு நல்லா அலசியாச்சு. இனி கையோட காய வெச்சு உள்ளார ஒரு பூச்சு ஊத்தோணும், அவ்வளவுதான். பூச்சு டப்பாவைத் தொறக்கப் போறேன், கடிகாரத்தைப் பாத்தா வெள்ளிக்கெழம பத்தரை. ராகு காலம்.

நீங்களே சொல்லுங்க தம்பி, ஒரு நல்ல காரியத்தை ராகு காலத்துல செய்யலாமுங்களா? டைம் கீப்பரே நேரம் பாக்கலீன்னா ஆரு பாப்பா? ஈர டேங்கை நெழல்ல வெச்சு, பக்கத்துலயே காவலுக்கு உக்காந்திருந்தேன். பன்னெண்டடிச்சுது. சாமியைக் கும்புட்டு டார்ச் அடிச்சேன். உள்ள கும்முன்னு செவந்து கெடக்குது. ஈர இரும்பு ஒடனே மறுபடியும் துரு ஏறிக்கும்னு எனக்கென்னங்க தெரியும். ஒரு வாரத்துப் பாடு பூராவும் ஆத்துல கரைச்ச புளியாப் போச்சு.

மில்லுல போய்ச் சொன்னா அந்தம்மா உழுந்து உழுந்து சிரிக்கறாங்க. துருவுக்குப் பஞ்சாங்கம் பாக்கத் தெரியாதுங்களேன்னாங்க. அரைக்க வந்த சனமெல்லாம் சிரிக்குது. நான் கோவிச்சுக்கிட்டு வந்துட்டேன். இனி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கக் கூடாதுன்னு இருந்தேன். மறுநா மல்லிப்பொடி தீந்து போச்சு. தீரலை, டப்பா நெறைய இருந்துச்சு. இருந்தாலும் பழசாயிருமில்லீங்க.

அதுக்குள்ள கோயில்ல கம்பம் நட்டு நோம்பியும் சாட்டிட்டாங்க. போறவன் வாரவனெல்லாம், டைம் கீப்பரே காரு எங்கேங்கறான். மறுபடியும் புளி ஊத்துனேன். ஆனா ஊற நேரமில்ல. டேங்குக்குள்ள சைக்கிள் செயினைப் போட்டு, புளித்தண்ணியோட நல்லாக் குலுக்குங்க, குலுக்கக் குலுக்கத் துரு உதுந்துரும்னாரு மெக்கானிக். குலுக்குனேன். இடுப்பு புடிச்சுக்கிச்சு. மில்லுத் திட்டுல மூஞ்சியத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தேன். அந்தம்மா மிசினை நிறுத்திப்போட்டு, கோயில் பக்கமாக் கையைக் காட்டுனாங்க. மரத்துக்கு மேல கொலம்பஸ் ஆடறது தெரியுது. நோம்பிக்கு வருமில்லீங்க, ராட்சசக் கப்பல், முன்னுக்கும் பின்னுக்கும் வானத்துக்குப் போயிட்டு வருமே, அதுதான்.

"நாம எதுக்குங்க குலுக்கோணும்? அது குலுக்காதா?"ன்னாங்க.

செயினும் புளித்தண்ணியுமா டேங்கைத் தூக்கிக்கிட்டுப் போனமுங்க. கப்பல்காரன் எத்தன டிக்கெட்டுன்னான். அந்தம்மா மூணுன்னாங்க, டேங்குக்கும் சேத்து. சாமானெல்லாம் ஏத்த முடியாதுன்னு அவன் மொரண்டு புடிச்சான். இது சாமானில்ல, நேத்திக்கடன்னு ஒரே போடாப் போட்டாங்க. மாரியாத்தா நோம்பியில நேத்திக்கடன்னு சொன்னா ஆரு தடுப்பா? கடைசி வரிசையில எடம் குடுத்தான். நடுவுல டேங்கு, அந்தப் பக்கம் அவிய, இந்தப் பக்கம் நான்.

கப்பல் மேல போகுது. உள்ள செயின் ஜல்லுன்னு ஒரு பக்கம் ஓடுது. கீழ வருது, ஜல்லுன்னு அந்தப் பக்கம். நான் கண்ணை மூடிக்கிட்டு மாரியாத்தாளைக் கூப்புடறேன், அந்தம்மா இன்னும் வெசயா உடு தம்பிங்கறாங்க. உச்சியில டேங்கு நழுவப் பாத்துச்சு. நான் எட்டிப் புடிச்சேன், அவியளும் புடிச்சாங்க. புடிச்சதுல என்ற கையும் சேந்துக்கிச்சு. டேங்கைத்தான் புடிச்சாங்க, நடுவுல என்ற கை இருந்துச்சு, அவ்வளவுதான். கப்பல் நின்ன பொறகும் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. நழுவீரக் கூடாதில்லீங்களா.

ஒரு ஆட்டத்துல துரு போகுமா? இன்னொருக்கா ஏறுனோம். அப்பத்தான் வெனை. துரு உதுந்துச்சு, இல்லேங்கல. ஆனா இத்தன நாளா அந்தத் துருதான் ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருந்திருக்குது. துரு போனதும் டேங்கு பூராவும் பொத்தல் தொறந்துக்கிச்சு. கப்பல் மேல போறப்பெல்லாம் புளித்தண்ணி பீச்சி அடிக்குது. கீழ நிக்கற சனம் செவசெவன்னு நனையுது. அன்னைக்கு மஞ்சத்தண்ணி ஊத்தற நாளுங்க, மொறைக்காரங்க ஒருத்தர் மேல ஒருத்தர் ஊத்தி வெளையாடுவாங்க. சனங்க, ஆத்தாளே மேலயிருந்து மஞ்சத்தண்ணி தெளிக்கறான்னு கையெடுத்துக் கும்புடறாங்க. எங்க பழைய மொதலாளி வெள்ளை வேட்டியோட அண்ணாந்து பாத்தாரு, மூஞ்சியிலயே வாங்கிக்கிட்டாரு. அந்தம்மா சிரிக்கறாங்க பாருங்க, கண்ணுல தண்ணி வழிய, என்ற தோள்ல சாஞ்சு சாஞ்சு சிரிக்கறாங்க. அவிய மேலயும் புளித்தண்ணி, என்ற மேலயும் புளித்தண்ணி. என்ற ஆயுசுல நான் அப்படிச் சந்தோசமா இருந்ததில்ல. துரு போச்சுங்கற சந்தோசம்தான். எறங்குனா தல கிறுகிறுங்குது, தரை ஒரு பக்கமா நிக்க மாட்டேங்குது. இன்னொருக்காப் போலாமுங்களான்னு கேட்டாங்க. போனோம். டேங்கு கீழயே கெடந்துச்சு, எடுத்துக்க மறந்துட்டோம்.

ஊட்டுல வந்து டேங்குக்குள்ள பல்பைப் போட்டுப் பாத்தேன். இடியாப்ப அச்சு கெட்டுது போங்க. பஸ் டிரைவருங்க பண்றாப்புல சோப்புக் கட்டியத் தேச்சு அடைச்சேன். ஒண்ணை அடைச்சா நாலு தொறக்குது. நோம்பியும் முடிஞ்சு போச்சு, காரும் ஓடல. நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே தலை காட்டல.

அப்பறம்தான் ஒரு நா பொழுதோட, மில்லு சாத்தற நேரத்துக்கு, அந்தம்மா என்னையக் கூப்புட்டு உக்கார வெச்சுச் சொன்னாங்க. அதை மட்டும் அவிய சொன்ன மாதிரியே சொல்றேன், ஒரு வார்த்தை மறக்கல.

"நானும் நெம்ப நாளா ரோசிச்சுப் பாத்தனுங்க. உங்ககிட்ட எஞ்சின் இருக்குது, என்கிட்ட டேங்கு இருக்குது. எதுக்கு ரெண்டு ஊட்டுல ரெண்டு வண்டி ஓடாம நிக்கோணும்? ஒரே வண்டியாக்கி ஒரே ஊட்டுல நிறுத்திக்கலாம். முன்னால ரெண்டு சீட்டு இருக்குதில்லீங்க. ஊரு நாலு பேசும். பேசீட்டுப் போகட்டும்."

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "அதெப்படிங்க, ஆர்.சி. புக்கு ஆரு பேர்ல இருக்கும்?"ன்னேன். நாயமான கேள்விதானே தம்பி. முப்பது வருசம் பஸ் கம்பெனியில இருந்தவனுக்கு இதுகூடக் கேக்கத் தெரியாதா?

அந்தம்மா எந்திரிச்சு மில்லுச் சாவியை எடுத்துக்கிட்டாங்க. அப்பறம், "உங்க பேர்லயே இருக்கட்டுங்க"ன்னாங்க. அங்கதான் எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. இத்தன நாளா டேங்கைத் தர மாட்டேன்னவங்க, இப்பத் திடீர்னு டேங்கும் உங்களுக்கு, ஆர்.சி.யும் உங்களுக்குன்னா, உள்ள என்னமோ இருக்குது. இருக்கட்டும், கத்திரிக்கா முத்துனாக் கடைக்கு வந்துதானே ஆகோணும்னு நெனச்சுக்கிட்டு, ரோசிச்சுச் சொல்றனுங்கன்னு வந்துட்டேன். 

அதுக்கப்பறம் மில்லுக்குப் போனா அவிய வெளிய வர்றதே இல்ல. ஆளை உட்டு மொளகாயை வாங்கிக்கறாங்க. மோரும் இல்ல. நெடி ஏறி இருமிக்கிட்டே திரும்பி வர்றேன். நேத்து அந்த மில்லு ஆளு சொல்றான், அம்மா மில்லை வாடகைக்கு உட்டுட்டு சேலத்துல இருக்கற அவிய தம்பி ஊட்டுக்கே போறாங்களாம், மொத்தமா. இன்னைக்கு மத்தியானம் தம்பி வர்றாராமா, காரையும் லாரியில ஏத்திக்கிட்டுப் போயிருவாங்களாமா. போகட்டும், எனக்கென்ன? டேங்கு போகுதேன்னு ஒரே ஒரு வருத்தம்தான். அதுலயே ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. காலையில இட்லியும் எறங்கல. கோயமுத்தூர்ல ஒரு பட்டறையில பழைய டேங்கை மாதிரிக்குக் குடுத்தா, தகரத்துல புதுசாவே செஞ்சு தர்றாங்களாம். அதான் சாக்குல போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். ஆரு தயவும் வேண்டாம் பாருங்க.

என்ன அம்மணி? இத்தன நேரம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சவ, இப்ப ஏன் கண்ணைத் தொடைக்கறே? என்ன சொன்னே? பஸ் சத்தத்துல காதுல உழுகல, இன்னொருக்காச் சொல்லு.

அவிய காரைப் பத்திக் கேக்கலீங்கறியா?

பின்னே எதைப் பத்தி... ஒரே ஊட்டுல நிறுத்திக்கலாம்னாங்க. காரைத்தானே நிறுத்துவாங்க? முன்னால ரெண்டு சீட்டுன்னாங்க. ரெண்டு சீட்டு இருக்குது, ஒண்ணுல அவிய, இன்னொண்ணுல... ஊரு பேசும்னாங்க. காரைச் சேத்ததுக்கு ஊரு எதுக்கு அம்மணி பேசுது?

அட கெரகமே.

தம்பி, நான் ஆர்.சி. கேட்டிருக்கனுங்க. மனசைத் தொறந்து ஒரு பொம்பளை அத்தனையும் சொல்லியிருக்காங்க, நான் ஆர்.சி. ஆரு பேர்லன்னு கேட்டிருக்கேன். அதுக்கும் கோவிக்காம உங்க பேர்லயேன்னாங்களே. என்னைய எதைக் கொண்டு அடிச்சாத் தகும், சொல்லுங்க.

கண்டக்டர், நிறுத்துங்க. இங்கதான், இங்கயே எறங்கிக்கறேன். நம்பியூர் தாண்டுனா என்ன, எதுக்கால கோபி வண்டி வரும், எனக்குத் தெரியாதா? அதைப் புடிச்சா மத்தியானத்துக்குள்ள போயிரலாம். சாக்கா? அது கெடக்கட்டும் தம்பி, எந்தப் பழைய இரும்புக் கடையிலயாச்சும் போட்டுருங்க. அதைத் தூக்கிக்கிட்டு ஓட முடியாது.

இத்தன வயசுக்கு மேல, பையன் என்ன சொல்லுவான்? அவன் என்னமோ சொல்லீட்டுப் போறான். ஆனா அவிய முடியாதுன்னுட்டாங்கன்னா? இத்தன நாள் மூஞ்சி காட்டாதவங்க, போங்க உங்க சோலியப் பாத்துக்கிட்டுன்னுட்டா நான் என்ன பண்ணுவேன் அம்மணி? அவிய இல்லாம எனக்கு ஆகாதே. டேங்கு இல்லாட்டியும் ஆகும். அவிய இல்லாம ஆகாது. 

என்ன? டேங்கைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாதா? பின்னே நான் என்னத்தைப் பேசறது? வேற என்ன பேசியிருக்கோம் நாங்க? பேரா? பேரைச் சொல்லிக் கூப்புடோணுமா? இதுவரைக்கும் கூப்புட்டதே இல்லியே, ஏனுங்க ஏனுங்கன்னே ஓட்டிட்டேன். தெரியாம என்ன, நல்லாத் தெரியும். மில்லு வரிசையில நிக்கறப்பெல்லாம் போர்டைப் படிச்சுக்கிட்டுத்தானே நிப்பேன். ஒரு வாட்டி இங்கயே சொல்லிப் பாத்துக்கறேன், அங்க போயி நாக்குக் கொழறக் கூடாது.

வேதநாயகி.

வேதநாயகி. சத்தமாச் சொல்லிட்டனுங்களா? பஸ்சுல அத்தன பேரும் திரும்பிப் பாக்கறாங்க. பாக்கட்டுங்க.